தம்பி பாடாத சரணம்

மலைமேல் இருக்கும் செம்மேடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, டீக்கடையை ஒட்டி அந்த மைக்செட் கடை இருக்கிறது. பலகையில் ‘ஜே.டி. சவுண்ட் சர்வீஸ்’ என்று மஞ்சள் எழுத்து. ‘ஜே’ மட்டும் பாதி கறுப்பாக இருக்கும். தரணிதரன்தான் ஏணி போட்டு ஏறி அதன்மேல் கறுப்புப் பெயின்ட் அடித்தான். பாதியில் இறங்கிவிட்டான். ஏன் முடிக்கவில்லை என்று யாராவது கேட்டால், “பெயின்ட் தீந்துபோச்சுங்க” என்பான். அந்தப் பதிலைச் சொல்லத் தொடங்கி அஞ்சு வருஷமாகிறது. பக்கத்திலேயே ஹார்டுவேர் கடை இருக்கிறது.

அந்த ‘ஜே’, ஜுபைர்.

இருவருக்கும் அடிவாரத்து முள்ளுக்குறிச்சிதான் ஊர். தரணியின் அப்பாவுக்குக் குச்சிக்கிழங்கு விளையும் மூணு ஏக்கர் நிலம். ஜுபைரின் அத்தா அமீர் ஹம்சா மலையில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி ராசிபுரத்துக்கு அனுப்பும் வியாபாரி. செம்மேட்டில் அவருக்கு ஒரு மண்டி இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே வருஷம் பத்தாவதில் தோற்று, ஒன்றாகவே மலையேறிய இருவரும் அந்த மண்டியின் முன்பக்கத்தில் மைக்செட் கடை போட்டார்கள். தொண்ணூற்றிரண்டாம் வருஷம் அது.

வேலையை அவர்கள் பிரித்துக்கொள்ளவே இல்லை, அது தானாகப் பிரிந்தது. ஒயர் இழுப்பது, மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது, ஆம்ப்ளிஃபயருக்குள் தலையை விட்டு ஈயம் உருக்கி ஒயர் சுட்டுவைப்பது எல்லாம் தரணி. மைக்கைப் பிடித்தால் அவன் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேசுவது ஜுபைர். தேனும் மிளகும் கலந்தது போன்ற குரல் அவனுக்கு. காதுகுத்துக்கு வந்த மாமன்மார் பெயரை அவன் ஒவ்வொன்றாக அறிவித்தால், பெயர் வராத மாமனும் இன்னொரு முறை மொய் வைத்துவிட்டுப் போவான். “நான் வாயி, அவன் கையி” என்று ஜுபைர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒரு உடம்பு என்றுதான் தரணியும் நம்பினான். அடப்பாவி மனிதா, வாய் தனியாகக் கிளம்பிப் போகும் என்று கைக்கு எப்படித் தெரியும்?

தொண்ணூற்றேழு புரட்டாசியில் மலைமேலேயே வாழவந்தி நாட்டில் ஒரு விவசாயிகள் கூட்டம். சாமை, தினை விதைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்திருந்த மாதேஸ்வரன் என்பவர் ஏற்பாடு செய்திருந்தார். மைக்செட் இவர்களுடையது. மழை பிடித்துக்கொண்டதால் யாரும் வரவில்லை. மூன்று பேரும் பள்ளிக்கூட வராந்தாவில் ஒதுங்கி நின்றபோது, அவர் தன் பையிலிருந்து ஒரு கேசட்டையும் ஹெட்போனையும் எடுத்துத் தரணியிடம் கொடுத்து, இந்த மழைக்கு இதைக் கேளுங்கள் என்றார்.

இங்கிலீஷ்காரர்களின் பாட்டு. கேசட்டின் மேல் குழுவின் பெயர்கூட இல்லை. யாரிடமிருந்தோ பதிவு செய்தது. பென்சிலில் ‘மலைக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தார். கதையை அவர்தான் சொன்னார். அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து ஆரம்பித்த குழு. எந்தப் பாட்டானாலும் ஒரு சரணம் அண்ணன், ஒரு சரணம் தம்பி. ஒருநாள் தம்பி படகை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போனான். படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. செத்தான் என்று அழவும் முடியாமல், வருவான் என்று இருக்கவும் முடியாமல் இரண்டு வருஷம் வாய் மூடிக் கிடந்த அண்ணன், பிறகு மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு இந்த ஆல்பத்தைப் போட்டானாம். தம்பியின் பெயர் இதில் ஓரிடத்திலும் வராது என்றார் மாதேஸ்வரன்.

அடுத்த மாதமே அவருக்கு வேறு ஊரில் வேலை. போகும்போது கேசட்டையும் ஹெட்போனையும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. “இந்த ஊர்ப் பனிக்குப் பெட்டியில வெச்சா பூஞ்சை புடிச்சிரும். ஓடவிட்டுட்டே இருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

ஓடவிட்டார்கள். வாடகைக்குப் போகாத மதியங்களில், கடைக்குள் பனி புகுந்து ஆம்ப்ளிஃபயர் விளக்கு மட்டும் சிவப்பாகத் தெரியும் நேரத்தில், இருவரும் ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்காருவார்கள். இருந்தது ஒரே ஹெட்போன். அதைத் திருப்பி, இடது காதுக்கானது தரணிக்கு, வலது காதுக்கானது ஜுபைருக்கு. கன்னத்தோடு கன்னம் உரச உட்கார்ந்திருக்கும் இருவரையும் பார்த்துத் தரணியின் மனைவி பிரபாவதி சாப்பாட்டுத் தூக்கை ‘ணங்’கென்று வைப்பாள். “ரெண்டு காதையும் பங்கு போட்டாச்சு. கட்டுனவ எங்க வந்து ஒட்டறதுங்க?” என்பாள். ஜுபைர் ஹெட்போனை எடுக்காமலே, “இவனைத் தூக்கிட்டுப் போ தங்கச்சி, எனக்கு ரெண்டு காதும் கெடைக்கும்” என்பான்.

அந்த ஆல்பத்தை எப்படிச் சொல்வது? தரணிக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சத்தம் தெரியும். சத்தம்தானே அவன் தொழில்.

முதலில் யாரோ கயிற்றை அவிழ்க்கிறார்கள். ஈரக் கயிறு மரத்தில் உரசும் சத்தம். பிறகு துடுப்பு. ஒன்று, இரண்டு, மூன்று. துடுப்பு தூரமாகப் போகப் போக, அடியிலிருந்து ஆர்கன் எழும்பி வரும். விடியலில் பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறுவதுபோல, ஏறுகிறது என்றே தெரியாமல் ஏறிவிடும். அஞ்சு நிமிஷம் வரை ஒரு குரலும் கிடையாது. பொறுக்காமல் ஒரு கிட்டார் உள்ளே வரும். அது பாடவும் செய்யாது, அழவும் செய்யாது, தொண்டையில் ஏதோ சிக்கியவன் செருமிக்கொள்வது போல மூன்றே சுரங்களைத் திரும்பத் திரும்பத் தொடும். அண்ணன் வாய் திறப்பதற்குள் கேட்பவனுக்கு நெஞ்சு கனத்துவிடும். இரண்டாவது பாட்டு வேகமானது, கோபமானது. தம்பி எப்போது வருவான் என்று வழியில் கேட்கிறவர்களை எல்லாம் அடித்துத் துரத்துவது போன்ற டிரம்ஸ். மூன்றாவதில் ஒரே கிட்டார், ஒரே குரல், முகவரி இல்லாத கடிதம்போல.

அடுத்த பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. அதற்குத்தான் தரணி காத்திருப்பான். முதல் சரணத்தை அண்ணன் பாடுவான். அந்தக் குரல் இடது காதில் மட்டும் கேட்கும். இரண்டாவது சரணம் தம்பியின் முறை. தாளம் அப்படியே போகும், ஆர்கன் அப்படியே போகும், சுரம் மாறவேண்டிய இடத்தில் மாறும், மூச்சு விடவேண்டிய இடத்தில் நிற்கும். குரல் மட்டும் இருக்காது. ஏறக்குறைய இரண்டரை நிமிஷம் தம்பிக்கு இலை போட்டு வைத்துக் காத்திருப்பது போல அந்தச் சரணம் காலியாகவே போகும். மூன்றாவது சரணத்தை மறுபடியும் அண்ணன் எடுப்பான். ஆனால் ஒரு தட்டுத் தாமதமாக எடுப்பான். கடைசி நொடியில் வந்துவிடுவானோ என்று வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு எடுப்பது போல. அந்த ஒரு தட்டில் தரணி ஒவ்வொரு முறையும் அழுதான். நிமிர்ந்தால் ஜுபைரின் கண்களும் கலங்கியிருக்கும். அவனுக்கும் அது கேட்கிறது, நம் இருவருக்கும் ஒரே இடத்தில் வலிக்கிறது என்ற நினைப்பே தரணிக்குப் பெரிய சொத்தாக இருந்தது. மனைவி, நிலம், தொழில் எல்லாவற்றையும்விட.

ஒரே ஒரு முறை தரணி அதைக் குழாய் ஸ்பீக்கரில் போட்டான். ஊர்ப் பொங்கலுக்கு முதல் நாள், செட் சரிபார்க்கும்போது, இந்த மலையும் கேட்கட்டுமே என்று ஓர் ஆசை. மலையில் மைக்செட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிர் மலை ஊருக்குச் சாவுச் சேதி சொல்ல ஆள் நடந்து போகும் முன்பே, குழாயில் சோகப் பாட்டு போய்விடும். இந்த ஆர்கன் எழும்பி அஞ்சு நிமிஷம் போனதும் எதிர் ஊரில் கலப்பையை விட்டார்கள். ஒரு மணி நேரத்தில் கோடித் துணியும் மாலையும் அரிசியுமாக இருபது பேர் மேட்டில் ஏறி வந்தார்கள். இரண்டு கிழவிகள் வரும் வழியிலேயே ஒப்பாரியைத் தொடங்கி, செத்தவர் பெயர் தெரியாததால் பொதுவாக ‘ராசா’ என்று அழுதுகொண்டு வந்தார்கள்.

கோயில் கமிட்டித் தலைவர் செல்லமுத்து, வந்தவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் தரணியைப் பிடித்துக்கொண்டார். “மாலை வந்துருச்சு, கோடி வந்துருச்சு. யார்ரா செத்தது? பொணத்தைக் காட்டு. இல்லாட்டி நீ கொஞ்சம் படுத்துக்க, வந்தவங்க மனசு நோகக் கூடாது.”

ஜுபைர்தான் மைக்கை எடுத்து, சீமையில் ஒரு தம்பி காணாமல் போனதற்கான துக்கம் இது, நம் மலைக்குச் சேதி இன்றைக்குத்தான் வந்தது, வந்த சனங்கள் பொங்கல் சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று அறிவித்துச் சமாளித்தான். ஊரே சிரித்தது. ஆனால் தரணிக்குச் சுருக்கென்றது. அன்று மாலை கடையில், இந்தக் கேசட் இனிக் குழாயில் ஏறக் கூடாது, வாடகைக்கும் போகக் கூடாது என்றான். ஜுபைர் சிரிக்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் மேல் கையை வைத்தான். மைக்செட்காரனுக்கு அதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

“தொழில் மேல சத்தியம் மாப்ள. இது நம்ம ரெண்டு பேரு காதுக்கு மட்டுந்தான்” என்றான்.

தொண்ணூற்றொன்பது மாசி மாதம் தரணியின் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். கிழங்கு பிடுங்கவும் ஆள் வேண்டும். தரணி பதினைந்து நாள் முள்ளுக்குறிச்சியிலேயே தங்கிவிட்டான். பங்குனிப் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜுபைர் பார்த்துக்கொள்வான் என்ற நிம்மதி.

திரும்பி வரும்போது, நாற்பதாவது வளைவில் பஸ் என்ஜின் கொதித்து நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீர் ஊற்றப் போனார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தரணியின் காதில், மேல் வளைவிலிருந்து இறங்கி வரும் ஒரு ஜீப்பின் குழாய்ச் சத்தம் விழுந்தது. முதலில் தாளம். பிறகு ஆர்கன். சுரம் மாறவேண்டிய இடத்தில் மாறியது. மூச்சு விடவேண்டிய இடத்தில் நின்றது.

அவன் எழுந்து நின்றுவிட்டான். தம்பி பாடாத சரணம். காலியாக விட்ட சரணம். அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“வாழவந்தி நாட்டுப் பெருமக்களே, உங்கள் இல்ல விசேஷங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் நீங்கள் நாட வேண்டிய ஒரே இடம், ஜுபைர் ஆடியோஸ், செம்மேடு. இனி குழாய்ச் சத்தம் வேண்டாம், தகரச் சத்தம் வேண்டாம். புத்தம் புதிய பாக்ஸ் ஸ்பீக்கர், சீரியல் லைட், ஜெனரேட்டர் வசதியுடன்...”

தேனும் மிளகும் கலந்த அதே குரல். கணீரென்று, ஒரு பிசிறு இல்லாமல். தகரச் சத்தம் என்று அவன் சொன்னது தரணி மரம் மரமாக ஏறிக் கட்டிய குழாய்களை. ஜீப் பஸ்ஸைக் கடந்து கீழே போனது. வளைவு வளைவாக அந்த விளம்பரம் இறங்கிக்கொண்டே போனதைத் தரணி நின்றபடியே கேட்டான். பஸ் புறப்படும் வரை அவனால் காத்திருக்க முடியவில்லை. இறங்கி நடந்தான். மீதி முப்பது வளைவையும் நடந்தே ஏறினான்.

கடையில் பாதி காலி. பொருட்களை நேர்மையாகத்தான் பிரித்திருந்தான் ஜுபைர். குழாய்கள், பழைய ஆம்ப்ளிஃபயர், ஒயர்ச் சுருள் எல்லாம் தரணியின் பக்கம். மண்டியின் பின்பக்கத்தில் புதிய பெட்டிகள் பாலிதீன் உறையோடு அடுக்கியிருந்தன. துபாயில் இருக்கும் அவன் மாமா உதவியிருக்கிறார். பங்குனிப் பொங்கல் வாடகையைச் செல்லமுத்துவிடம் தனியாகப் பேசி முடித்தாகிவிட்டது. இவ்வளவும் பதினைந்து நாளில் நடப்பதில்லை. மாதக்கணக்கில் நடந்திருக்கிறது, கன்னத்தோடு கன்னம் உரச உட்கார்ந்திருந்த அதே மாதங்களில்.

ஜுபைர் ஓடவில்லை, ஒளியவில்லை. எதிரே உட்கார்ந்து, ஊர் மாறிவிட்டது, சனம் பாக்ஸ் கேட்கிறது, நீ குழாயை விடமாட்டாய், சொன்னால் தடுப்பாய் என்று நிதானமாக எடுத்துச் சொன்னான். தொழிலைப் பற்றித் தரணி ஒரு வார்த்தை பேசவில்லை. கேசட்டை மட்டும் கேட்டான். ஜுபைர் மேசை டிராயரைத் திறந்து கொடுத்தான்.

டேப்பின் நடுவில் செல்லோ டேப் ஒட்டியிருந்தது.

நடந்தது இதுதான். ஜீப்பில் போடும் கேசட்டைத் திருப்பித் திருப்பி ஓட்ட ஆள் கிடையாது. அரை மணி நேரப் பக்கம் முழுவதும் அதே விளம்பரம் ஓடவேண்டும். நகலுக்கு நகல் எடுத்தால் இரைச்சல் கூடும் என்று ஜுபைர் ஒவ்வொரு முறையும் நேரடியாகவே பேசிப் பதிந்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் அந்தச் சரணத்தின் தொடக்கத்துக்கு டேப்பைப் பின்னுக்குச் சுற்றியிருக்கிறான். பன்னிரண்டு முறை. டேப் இழுபட்டு, இளைத்து, கடைசியில் அறுந்துவிட்டது. கசங்கிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டியிருந்தான்.

தரணி ஹெட்போனை எடுத்து வழக்கம்போல இடது காதில் வைத்தான். அண்ணன் முதல் சரணத்தை முடித்தான். அடுத்த நொடியே, இடைவெளியே இல்லாமல், அண்ணனே மூன்றாவது சரணத்தைப் பாடினான். காத்திருக்கவில்லை. வாசலைப் பார்க்கவில்லை. தம்பி என்று ஒருவன் இருந்ததற்கே அடையாளம் இல்லாமல் பாட்டு போய்க்கொண்டிருந்தது.

“இத்தனை பாட்டு இருக்குதே, வேற கெடைக்கலியாடா உனக்கு?” என்று கேட்டான் தரணி.

“பேசறதுக்கு வாகா வேற எதுலயும் எடம் இல்ல மாப்ள. அந்த எடத்துல யாரும் பாடல. சும்மாதானே கெடந்துச்சு.”

சும்மாதானே கெடந்துச்சு. கத்தி என்றால் அதுதான் கத்தி.

“நீயும் அழுதியேடா. என் பக்கத்துல உக்காந்து அழுதியே.”

ஜுபைர் மேசை டிராயரை மெல்லச் சாத்தினான். பிறகு, “நீ அழுத, அதனால அழுதேன். எனக்கு அதுல ஒண்ணுமே கேக்கல” என்றான்.

அன்றைக்கு இரண்டு பேரும் பேசிய கடைசி வார்த்தை அது. அன்று மாலைதான் தரணி ஏணி போட்டு ஏறினான், பாதியில் இறங்கினான்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் தரணி ஒன்றைத்தான் தேடினான். அந்த இரண்டரை நிமிஷம். சேலத்திலும் திருச்சியிலும் கேசட் கடை கேசட் கடையாக ஏறி இறங்கினான். குழுவின் பெயர் தெரியாது, பாட்டின் பெயர் தெரியாது. படகு போகும், துடுப்புச் சத்தம் கேட்கும், நடுவில் ஒருத்தர் பாடமாட்டார் என்றால் எந்தக் கடைக்காரன் எடுத்துக் கொடுப்பான்? மாதேஸ்வரனுக்குப் பழைய முகவரியில் இரண்டு கடிதம் போட்டான். இரண்டும் திரும்பி வந்தன. ஒரு கடைப் பையன் நக்கலாக, “பாடாத பாட்டுன்னா காலி கேசட்டே வாங்கிக்கங்கண்ணா” என்றான். தரணி அதையும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

இந்தத் தேடலுக்கு நடுவே அவன் மனதில் இன்னொன்றும் நடந்தது. அதைப் பிரபாவதியிடம் மட்டும் சொன்னான். ஜுபைர் இன்னும் மனதில் குத்திக்கொண்டிருந்தான். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சமாதானம் வந்திருந்தது. ஹெட்போனில் வலது காதுதான் எப்போதும் ஜுபைருக்கு. அண்ணன் குரல் இடது பக்கம். வலது பக்கம் தம்பிக்கு விட்ட பக்கம். அங்கே கடைசிவரை தாளமும் ஆர்கனும்தான். ஒன்றரை வருஷமும் நல்ல பாதியைத் தான் எடுத்துக்கொண்டு, காலிப் பாதியை அவன் காதில் வைத்திருந்ததைத் தரணி மிகத் தாமதமாக, ஒருநாள் வலது பக்கத்தை மட்டும் தன் காதில் வைத்துப் பார்த்தபோதுதான் உணர்ந்தான். ஒரு நாள்கூட மாற்றி வைத்ததில்லை. ஒண்ணுமே கேக்கல என்று அவன் சொன்னது உண்மைதானே. கேட்காதவனுக்கு அந்த இடம் காலி இடமாகத்தானே தெரியும்? தெரியாமல் மிதித்தவனை எவ்வளவு காலம் சபிப்பது?

“புரியாமப் பண்ணிட்டான் புள்ள” என்று ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான். பிரபாவதி ரசம் ஊற்றினாள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல ஜுபைரைப் பற்றி அவன் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஜுபைர் ஆடியோஸ் ரொம்ப நாள் நிற்கவில்லை. அதைவிடப் பெரிய பெட்டிகளோடு சேந்தமங்கலத்திலிருந்து வேறொருவன் மலையேறி வந்தான். இரண்டாயிரத்து ஒன்றில் ஜுபைர் சவுதிக்குக் கிளம்பினான். கிளம்பும் நாள் காலையில் பெட்டியோடு தரணியின் கடை வாசலில் வந்து நின்றான். தரணி ஆம்ப்ளிஃபயருக்குள் தலையை விட்டிருந்தான். நிழல் விழுந்தது தெரிந்தது. அத்தர் வாசம் தெரிந்தது. நிமிரவில்லை. கொஞ்ச நேரம் நின்ற நிழல், “வாரேன் மாப்ள” என்று சொல்லிவிட்டு நகர்ந்தது. பஸ் திரும்பும் சத்தம் கேட்ட பிறகுதான் தரணி தலையை வெளியே எடுத்தான். சுட்டுவைத்தது தவறான ஒயர்.

போன ஆடி மாதம் அமீர் ஹம்சா முன்பக்கக் கடையை மட்டும் தரணிக்கு விட்டுவிட்டு மண்டியைக் காலி செய்தார். சாமான் எடுக்க ஜுபைரின் அம்மா ஜுலைகா பீவியே மலையேறி வந்திருந்தார். மூட்டைகள் வண்டியில் ஏறியதும், மூச்சு வாங்க ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தரணியின் கடைக்குள் வந்தார். தரணி ஓடிப்போய் வாங்கிக்கொண்டு ஸ்டூலைப் போட்டான்.

“என்னம்மா, சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டனா?”

“நீ எங்க வீட்டு நடைக்கு வந்து அஞ்சு வருசமாச்சு கண்ணு. அதான் நானே வந்துட்டேன்.” பெட்டியைக் காட்டினார். “பூரா அவன் பேசுன கேசட்டு. குப்பையில போட எனக்கு மனசு வரல. உனக்கு வேணாட்டி மேல வேற எதையாச்சும் புடிச்சுக்க சாமி.” போகும்போது முந்தானை முடிச்சிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். சவுதி நம்பர். எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை, பேசு என்றும் சொல்லவில்லை.

பெட்டியின் அடியில் கிடந்தது அந்தக் கேசட். ‘ஜீப் விளம்பரம்’ என்று ஜுபைரின் சாய்ந்த கையெழுத்து.

உலகத்தில் தரணிக்குத் தெரிந்து அந்தச் சரணம் மிச்சமிருப்பது இதில்தான். துரோகியின் குரலுக்கு அடியில். அதைக் கேட்கவேண்டுமானால் இவனைக் கேட்டாகவேண்டும். மதியம் வரை பொறுத்துப் பார்த்தான். பிறகு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து, முதல்முறையாக ஹெட்போனை இரண்டு காதிலும் தானே மாட்டினான்.

வாழவந்தி நாட்டுப் பெருமக்களே. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். வார்த்தைகளைத் தள்ளிவிட்டு இடுக்கில் தெரியும் ஆர்கனைப் பிடித்தான். இரண்டாம் முறை, மூன்றாம் முறை. தகரச் சத்தம் வேண்டாம். தகரச் சத்தம் வேண்டாம். ஒன்பதாம் முறை வந்தபோது கோபம் களைத்துப்போயிருந்தது. பதினோராம் முறையில் அது வெறும் தூரத்துக் குரல்.

பன்னிரண்டாவது முறை ஜுபைர் வேகமாகப் பேசி முடித்துவிட்டான். பேசிப் பேசி அலுத்திருக்கவேண்டும். விளம்பரம் முடிந்தது, சரணம் இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி. மைக்கை மூடவில்லை. நாற்காலி கிரீச்சிட்டது. ஒரு செருமல்.

பிறகு ஜுபைர் பாடினான்.

வார்த்தை இல்லை. வாய்க்குள்ளேயே, தனக்குத்தானே, முணுமுணுப்பாக. தம்பி பாடியிருக்க வேண்டிய மெட்டு. எங்கே ஏறவேண்டுமோ அங்கே ஏறினான், எங்கே மூச்சு விடவேண்டுமோ அங்கே விட்டான். யாருமே பாடிக் கேட்டிராத அந்தச் சரணத்தை, நூறு தடவை பாடிப் பழகியவன்போலப் பாடினான். கடைசி வரிக்கு முன்னால் குரல் கம்மியது. அங்கேயே டேப் அறுந்திருக்கிறது. ‘டக்’கென்று ஒரு சத்தம். அதற்கு மேல் இரைச்சல்தான்.

சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்த பிரபாவதி, கணவன் முகத்தைப் பார்த்துத் தூக்கைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

“ஏனுங்க, அவரு பேசறதையா இன்னும் கேட்டுட்டு இருக்கறீங்க?”

“பேசல புள்ள. பாடறான்.” ஹெட்போனைக் கழற்றினான். கண்ணீர் தாடையில் வழிந்து சட்டையில் விழுந்தது, துடைக்கவில்லை. “ஒண்ணுமே கேக்கலன்னு சொன்னான். எல்லாங் கேட்டிருக்குது. எனக்குக் கேக்காததும் கேட்டிருக்குது. அது என்னன்னு தெரிஞ்சே எடுத்து வித்திருக்கான் புள்ள.”

பிரபாவதி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். புரியாதவன் என்று நினைத்து மன்னித்த மன்னிப்பு அந்த ஒரு நிமிஷத்தில் செல்லாமல் போய்விட்டது. ஆனால் இத்தனை வருஷமாக எந்த ஒன்றுக்காக அவன் ஏங்கினானோ, பக்கத்தில் இருந்தவனுக்கும் அது கேட்டது என்ற அந்த ஒன்று, அதே நிமிஷத்தில் கைக்கு வந்துவிட்டது. இரண்டையும் ஒரே கேசட்டில் வைத்து அனுப்பியிருக்கிறது காலம். எதற்கு அழுவது?

“அழிச்சிருங்களேன்” என்றாள் மெதுவாக. “மேல சாமிப் பாட்டு எதையாச்சும் புடிச்சா போயிருமுல்ல.”

தரணி கேசட்டைக் கையில் எடுத்தான். அதன் முதுகில் இரண்டு மூலையிலும் சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டின் மேல் வேறெதையும் பதிய முடியாது. டெஸ்டரின் முனையால் ஒன்றை நெம்பினான். தெறித்து விழுந்தது. மற்றதையும் நெம்பினான்.

ஜுலைகா பீவி வைத்துவிட்டுப் போன துண்டுக் காகிதத்தை நாலாக மடித்துக் கேசட்டுப் பெட்டிக்குள் செருகி, ‘மலைக்கு’ என்று எழுதிய பழைய கேசட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். நம்பர் அங்கேதான் இருக்கிறது. இதுவரை அவன் அதைச் சுழற்றவில்லை. மதியங்களில், வாடகைக்குப் போகாத நாட்களில், அந்தக் கேசட்டைப் பன்னிரண்டாவது விளம்பரம் வரை ஓடவிடுகிறான். பூஞ்சை பிடித்துவிடக் கூடாதல்லவா.